பெரிய டபிள்யூ, சின்ன டபிள்யூ

எந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாலும் பாதை அக்கா முதலில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறப்பார். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தேடி, அதிலுள்ள பெரிய டபிள்யூவை அழித்துவிட்டுச் சின்ன டபிள்யூவைப் போடுவார். அதற்குப் பிறகுதான் கைப்பை தோளிலிருந்து இறங்கும்.

"பெரிசு, நாம நிக்கிற ஃபோல்டர் பேரை மட்டும் திரையில சொல்லும். சின்னதுதான் தெரு, வீட்டு நம்பர்னு பாதையை முழுசாச் சொல்லும். எங்க நிக்கிறோம்னு தெரியாம கை வெச்சா, அப்புறம் காலம் பூரா கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கணும்" என்பார் புதிதாகச் சேர்ந்தவர்களிடம். அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஜன்னலில்லாத குளிர் அறையில் பதினேழு வருட வேலை. நோயாளிகளின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். கண்ணாடியின் உடைந்த காலில் பிளாஸ்திரி. திரையில் இருப்பதை உதடசைத்துப் படிப்பார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு சோதனைக்கு ஒரு ஃபோல்டர், நிஜப் படங்களுக்கு ஒன்று. இரண்டின் கடைசிப் பெயரும் ஒன்றே; திரையில் தெரிந்ததும் அது மட்டும்தான். "இன்னும் என்னம்மா உருட்டிக்கிட்டு இருக்கீங்க? அழிச்சுட்டு வாங்க, மீட்டிங் ஆரம்பிச்சாச்சு" என்று முதுகுக்குப் பின்னால் மேலாளர் நின்று விரட்டினார். எங்கே இருக்கிறோம் என்று இயந்திரத்தையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதை அவர் இன்றுவரை மறைத்ததுமில்லை. சோதனை ஃபோல்டர் என்று நினைத்து அழித்தார். பதினொரு நாள் படங்கள் போயின. தினமும் நகலெடுக்க வசதி கேட்டு அவர் மூன்று முறை எழுதியதை மேலாளர் கிடப்பில் போட்டிருந்தார். விசாரணையன்று அந்தக் கடிதங்களைக் காணவில்லை. கட்டளை அடித்தவர் பெயர் மட்டும் பதிவில் பத்திரமாக இருந்தது.

ஒரு பெண் தன் அப்பாவை மறுபடி ஸ்கேனுக்கு அழைத்து வந்தாள். "போன தடவையே வலி தாங்காம அழுதாரு. இன்னொரு வாட்டியா?" பதில் சொல்லப் பாதை அக்காவைத்தான் அனுப்பினார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் இப்போதும், "விடுங்க" என்பார்.

அவருடைய பதவி உயர்வு அதோடு நின்றது. மேலாளர் இயக்குநரானார்.

இந்தத் திங்கட்கிழமை இயக்குநரிடமிருந்து உத்தரவு வந்தது: எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், யாரும் சொந்தமாக எதையும் மாற்றக் கூடாது. பாதை அக்கா நேரில் போய் நின்றார்.

"அந்த ஒரு எழுத்தை மட்டும் விட்டுடுங்க சார்."

"பழசையே கிளறிக்கிட்டு இருக்காதீங்கம்மா."

நாற்பது இயந்திரங்களிலும் தன் கையாலேயே பெரிய டபிள்யூவைத் திரும்பப் போட்டார்.

வியாழக்கிழமை இயக்குநரே குளிர் அறைக்கு வந்தார். இயந்திரத்தில் இடமில்லையாம், பழைய படங்களை இப்போதே நீக்க வேண்டுமாம். பாதை அக்கா திரையைப் பார்த்தார். ஃபோல்டரின் கடைசிப் பெயர் மட்டும் தெரிந்தது. தன் பெயரில் உள்நுழைந்திருந்ததை மூடிவிட்டு எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்து, இயக்குநர் உட்கார வசதியாகத் திருப்பி வைத்தார்.