மணிக்கூட்டை முதலில் எடுக்கும் கஜேந்திரன்

கஜேந்திரன் என்ற பெயரை ராக்கம்மா முதன்முதலில் கேட்டபோது அதன் கூடவே ஒரு வசவும் வந்தது. "எங்கயடா அந்தக் கஜேந்திரன்? பிடிச்சுக் கொண்டு வாங்கோ அந்த விசரனை!" என்று மணப்பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். இடம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம். ஆண்டு தொண்ணூற்றெட்டு. ராக்கம்மா துணி துவைத்துக் கொடுத்த வீட்டுக்காரி பாலேஸ்வரி. அவருடைய புருஷனின் மூத்த அக்காவுக்கு இரண்டாவது மகள்தான் பெண். ராக்கம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. யாருக்கு யார் என்ன முறை என்பது மட்டும் எந்நாளும் மறக்காது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் கொழும்பு மணிக்கூடுகள் அரசாங்கம் மாற்றிய புது நேரத்தில் ஓடின. வன்னியில் பழைய நேரம். இரண்டுக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். வன்னியிலிருந்த சாத்திரியார் முகூர்த்தத்தைப் பழைய நேரத்தில் குறித்துக் கொடுத்திருந்தார். மேளச் சத்தத்துக்குள் ஐயர் "நேரம் என்ன?" என்று கேட்க, பக்கத்தில் கமராவோடு நின்ற இருபத்திரண்டு வயதுக் கஜேந்திரன் தன் கைமணிக்கூட்டைப் பார்த்து, "ஒன்பது நாப்பது ஐயா, சரியான நேரம்" என்றார். தாலி ஏறிவிட்டது. முகூர்த்தம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது.

அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் இன்று கனடாவில் மூன்று பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். கஜேந்திரனுக்குத்தான் அந்தச் சூடு ஆறவில்லை. அன்றிலிருந்து எங்கே படம் எடுக்கப் போனாலும் முதற்படம் அங்கே தொங்கும் மணிக்கூடு. கல்யாண வீடு, பெண் பெரியவளான சாமத்திய வீடு என்று பேதமில்லை. ஒரு செத்த வீட்டில், "என்ன தம்பி, மனுசன் இஞ்ச கிடக்கிறார், நீர் சுவரை எடுக்கிறீர்?" என்று யாரோ கேட்டதற்கு, "அவர் ஓடமாட்டார், மணிக்கூடு ஓடும்" என்றாராம்.

கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில் அவருடைய கடை. ஒரு கதிரை, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் எடுக்க வருகிறவர்களிடம் அவர் சிரிக்கச் சொல்வதில்லை. "மூச்சை விடுங்கோ" என்பார். கரையோர ரயில் போனால் சுவர் நடுங்கும். அது போய் முடியும்வரை கமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருப்பார். வந்தவரும் காத்திருக்க வேண்டும். கஜேந்திரன் மெலிந்த ஆள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கைலேஞ்சி. ஒன்று கமராவுக்கு, மற்றது மூக்குக்கு. ஒரு நாளும் மாறியதில்லை.

எண்பத்துமூன்றுக் கலவரத்தின்போது அவருக்கு ஏழு வயது. அதே வெள்ளவத்தையில் அவர்களுடைய வீடு எரிந்தது. "எரிஞ்ச வீட்டில இருந்த படம் எல்லாம் போச்சு. எரிஞ்சதுக்கும் ஒரு படம் இல்லை. ஆரும் கேட்டால் எதைக் காட்டிறது?" என்று ஒருமுறை பாலேஸ்வரி வீட்டு வாசலில் நின்று சொன்னார். குரல் உயரவில்லை. தேத்தண்ணீர் கொடுக்க வந்த ராக்கம்மா கோப்பையை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மின்சாரம் இல்லை. கல்யாணங்களும் இல்லை. கஜேந்திரன் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். காலிமுகத்திடலில் சனம் கூடாரம் அடித்து ஆட்சியைப் போகச் சொல்லிக் கத்திய நாளெல்லாம் அங்கே நின்றார். முகத்தை எடுக்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் எடுப்பார். வேண்டாம் என்பவரின் செருப்பை எடுப்பார், கையை எடுப்பார், அவர் கோஷம் எழுதிப் பிடித்திருக்கும் மட்டையை எடுப்பார். காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, ஒன்றையும் விடவில்லை. "வேலையில்லாதவன் சுத்துறான்" என்று பக்கத்துக் கடை ரிம்ஸான் பகிடி பண்ணுவார். "நாடே வேலையில்லாமல் நிக்குது, நான் அதைத்தானே எடுக்கிறன்" என்பார் கஜேந்திரன்.

அந்த மே மாதத்தில் நகரம் முழுக்கக் கலவரமான ஒரு நாள். ராக்கம்மாவின் மகன் இராமர், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவன், விடியற்காலை தொட்டுக் கொட்டாஞ்சேனையில் காஸ் வரிசையில் நின்றான். அன்று பகல் ஊரின் மறுபக்கத்தில் ஒரு பஸ் எரிந்தது. மூன்று கிழமை கழித்து இராமரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் கல்லெறிகிறானாம். இராமரிடமும் ஒரு சிவப்புச் சட்டை இருந்தது.

ராக்கம்மா பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, கடை வாசலில் நின்றே அழுதார்.

"தம்பி, அன்னைக்கு எம்மவன் லைன்லதான் நின்னான். அவன் சாப்பிடப் போனா நான் சிலிண்டர் மேல குந்திக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து படம் புடிச்சீங்களே. அது இருக்கா சாமி?"

"இருங்கோ அம்மா, முதல்ல தண்ணியைக் குடியுங்கோ."

கம்பியூட்டரைத் தட்டிக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் ஆயிற்று. முதற்படத்தில் சில்லறைக் கடையின் மணிக்கூடு, ஒன்று இருபது. அதன் கீழே பலகையில் சோக்கால் அன்றைய திகதி, அன்று கொடுக்கும் சிலிண்டர் எண்ணிக்கை. அதே படத்தில், பலகைக்கு முன்னால், 118 என்று எழுதிய சிலிண்டரில் கைவைத்தபடி, நீலச் சட்டையில் இராமர். வாயில் பாதி கடித்த பணிஸ். பஸ் எரிந்தது ஒன்றரைக்கு.

ராக்கம்மா திரையில் மகனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கஜேந்திரன் யோசித்தார். இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மற்றப் படங்கள் எங்கே என்று கேட்பார்கள். திடலில் நின்ற எத்தனையோ பிள்ளைகளின் முகங்கள் அவரிடம் இருந்தன. அவரை நம்பிக் காட்டிய முகங்கள்.

"அம்மா, நாளைக்கு ஒருக்கா வாறியளே? வரேக்க மிளகாய்த்தூள் டின் ஒண்டு கொண்டு வாங்கோ."

"தூளோடயா, வெறும் டின்னா?"

"தூளோட."

மறுநாள் அவர் திடலில் எடுத்த படங்களைக் கம்பியூட்டரில் அழித்துவிட்டு, அவை இருந்த நான்கு மெமரி காட்டைப் பொலித்தீனில் சுற்றி, அந்தத் தூளுக்குள் புதைத்து மூடிக் கொடுத்தார். "உங்கட பிள்ளை மாதிரிக் கனபேர் இதுக்குள்ள இருக்கினம். நான் கேக்குமட்டும் ஆருக்கும் குடுக்காதேங்கோ." பிறகு காஸ் வரிசைப் படம் மட்டும் இருந்த காட்டைக் கமராவில் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார்.

கமராவில் நேரத்தை யாரும் மாற்றலாமே என்று எதிர்ப்பக்கத்தில் கேட்டார்கள். "கமரா நேரத்தை மாத்தலாம்தான்" என்று சிங்களத்தில் சொன்னார் கஜேந்திரன். "கடை மணிக்கூட்டை அந்த வரிசையில நிண்ட இருநூறு பேர் பாத்தவை. கூப்பிட்டுக் கேளுங்கோ." கடைக்காரரும் வந்து சொன்னார். இராமர் வெளியே வந்தான். கமராவை வழக்குப் பொருளென்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் இரண்டு பேர் வந்து கடையைக் கிளறினார்கள். அகப்பட்டதெல்லாம் மூச்சை விட்ட பாஸ்போட் முகங்கள்தான்.

காலில் விழப்போன இராமரை அவர் தோளில் பிடித்துத் தூக்கினார். "எழும்படா தம்பி. நான் என்ன கோயிலே?" கமரா திரும்பிவரப் பதினான்கு மாதம். அதுவரை யாரோ இரவல் கொடுத்த பழைய கமராவில் சீவியத்தை ஓட்டினார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராக்கம்மா தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டு வருவார். அதை மட்டும் மறுக்காமல் நின்றபடியே தின்பார்.

அந்த டின் பதினான்கு மாதமும் ராக்கம்மாவின் அடுப்புக்கு மேலே, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மருமகள் நிஷாந்திகூட அதைத் திறந்ததில்லை. திருப்பிக் கொடுத்த அன்று கஜேந்திரன் ஒரு காட்டைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். எல்லா முகமும் இருந்தது. நான்கு முறை தும்மிவிட்டு, "அம்மா, படமெல்லாம் உறைக்குது" என்றார். அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

போன மாதம் அவருடைய வலது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவும், இருப்பதால் ஒப்பரேஷனுக்குப் பிறகு சில நாள் நிறுத்தி வைக்க வேண்டுமாம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவர்கள் இருவரும் வெளிநாட்டில். கூட நிற்க யார் என்று தாதி சிங்களத்தில் கேட்டார். இராமர் முன்னால் போனான். நோயாளிக்கு நீ என்ன உறவு என்று மறுபடி கேட்டார்.

"மல்லி" என்றான் இராமர். அதே தாய்க்குப் பிறந்த தம்பி போலத் தயங்காமல் சொன்னான்.

தாதி எழுதிக்கொண்டார். உறவுமுறையில் ஒரு சொல் பிசகினாலும் பொறுக்காத ராக்கம்மா, அன்று தலையை மட்டும் ஆட்டினார். கஜேந்திரன் கையை நீட்டி, இராமரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கஜேந்திரன் இப்போது களுபோவில ஆஸ்பத்திரியில், கண் வாட்டில், யன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். நாளை மறுநாள் கட்டு அவிழ்ப்பார்கள்.