காக்கைக்கு வைத்த பிரியாணி

எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பறவைகளுக்குச் சமையலறை மிச்சத்தைப் போடுகிறவர்கள் உப்பு, எண்ணெய், மசாலா சேர்ந்ததைப் போட வேண்டாம், பூசணம் பிடித்ததைப் போடவே கூடாது, மீந்து கிடப்பதைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள் என்று. மூன்றாவது மாடியில் இறங்க வேண்டியவன் ஏழாவது மாடி வரை போய்விட்டேன். பூசணம் என்று படித்ததுமே மூக்கில் ஊசிப்போன பிரியாணி வாடை ஏறிவிட்டது, என்ன செய்ய.

அப்போது ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை, தகரக் கூரை. நானும் அக்காவும்தான். தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கேண்டீனில் எனக்குப் பரிமாறுகிற வேலை. வெள்ளைத் தொப்பியெல்லாம் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் நானே பெரிய சமையல்காரன் என்று நினைப்பு. உண்மையில், மீந்ததை யாருக்கும் தெரியாமல் கவரில் கட்டிக் கொண்டுவருவதில் மட்டும்தான் கெட்டிக்காரன்.

தன் மகன் ஏழு வயதில் காய்ச்சலில் போனபிறகுதான் அக்கா என்னோடு வந்து தங்கினாள். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடுவது நம் வீடுகளில் உள்ளதுதான். அக்கா விஷயம் வேறு. காக்கை தின்றால்தான் அவள் தின்பாள்.

“புள்ள சாப்டாம நான் எப்பிடிடா சாப்பிடறது?”

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? தெருமுனையில் கறிக்கடை. காக்கைகளெல்லாம் அங்கேயே கிடக்கும். எங்கள் வெறுஞ்சோற்றுக்கு அவை வர மூன்று மணி, நாலு மணி ஆகிவிடும். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா “ஊட்டா ஆயித்தா?” என்று, சாப்பாடு ஆயிற்றா எனக் கேட்டால், “ஆயித்தும்மா” என்று அக்கா வெறும் வயிற்றோடு சொல்வாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கறிவாசனைக்குக் காக்கை சீக்கிரம் வருமே என்று என் மூளை வேலை செய்தது. கேண்டீன் பிரியாணி ஒரு கவர், தகரச் சூட்டில் மூன்று நாள் கிடந்து பச்சையாகப் பூத்திருந்தது. கழுவினால் போயிற்று என்று தண்ணீரில் அலசி, அக்கா குளிக்கப் போன நேரத்தில் கூரைமேல் வைத்தேன். ஏழெட்டுக் காக்கைகள் வந்தன. அன்றைக்கு அக்கா பதினோரு மணிக்கே சாப்பிட்டாள், மறுசோறு கேட்டு. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை கூரையில் ஒரு காக்கை வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. மற்றவை சுற்றிச் சுற்றிக் கத்தின.

“நேத்து என்னடா வெச்ச?”

“சோறுதான்க்கா.”

அதன்பிறகு ஒரு காக்கையும் எங்கள் கூரையில் உட்காரவில்லை. தங்களில் ஒன்று செத்த இடத்தை அவை மறப்பதில்லையாம். அக்கா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பாள். நான் கூரைச் சோற்றை அள்ளி என் வாயில் போட்டுக்கொண்டு, “வந்து தின்னுட்டுப் போச்சுக்கா” என்பேன். நம்பி நாலு வாய் தின்பாள்.

ஒருநாள் என் மீசையில் ஒட்டியிருந்த பருக்கையை அவளே எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தட்டைத் தொடவே இல்லை. காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியும் மூன்றே வாரத்தில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் படையல் இலையைக் கூரைமேல் வைத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் நானும் காத்திருந்தோம். உச்சிவெயில் வந்துவிட்டது, காக்கை வரவில்லை.

“அவளுக்கு ஏதோ மனக்குறை இருக்குப்பா. என்னான்னு உனக்குத் தெரியுமா?” என்றார் பெரியப்பா. தெரியாது என்றேன்.

இப்போது அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். பெரியப்பாவும் இல்லை, அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களும் இல்லை. இன்று கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஒருவரும் இல்லை.