மூக்குக்காரி வீட்டில் இருமல்

பால் பண்ணையில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர். பெரிய மூக்கு என்று நினைத்துவிட வேண்டாம், சின்னச் சப்பை மூக்குதான். காலையில் லாரியில் வந்து இறங்கும் பால் கேன்களின் மூடியைத் திறந்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சு இழுத்து, "இறக்கு" என்றோ "திருப்பு" என்றோ சொல்வது அவள் வேலை. சோதனைக் கூடத்துக்கெல்லாம் பால் அதற்குப் பிறகுதான் போகும். புளிப்பு ஏறத் தொடங்கிய பால், மாட்டுக் கொட்டகை வாடை ஏறிய பால், கழுவாத கேனில் ஊற்றிய பால் எல்லாம் அவளிடமே நின்றுவிடும்.

வேலைக்கு உதவுகிற மூக்கை வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடிவதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். டம்ளரைக் கையில் வாங்கும்போதே அது எந்தத் துணியால் துடைக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கணவன் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தருகிறவன். கம்பிச் சுற்றுக்குப் பூசும் வார்னிஷ் நாற்றத்தோடு வருகிற மனிதனைப் பொறுத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள். அது சுத்தமான நாற்றம் என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் நாத்தனார் ஐந்து நாய்களோடு வந்து சேர்ந்தாள்.

நாத்தனார், மூக்குக்காரியின் கணவனுக்கு அக்கா. தொலைபேசி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். குரலில் தேன் சொட்டும். வாடகை வீட்டுக்காரர், "நாயா, வீடா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றதும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நாய் என்றவள். தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது ஆட்டோவில் முதலில் இறங்கியது சப்பை முகத்துக் கிழ நாய். அதற்குப் பெருசு என்று பெயர். பிறகு கறுப்பி. பிறகு ஒத்தைக்காது. கடைசியாக அக்கா, தங்கை என்று இரண்டு குட்டை நாய்கள்.

"கொஞ்ச நாள்தாம்மா" என்றாள் நாத்தனார்.

மூக்குக்காரி கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றாள்.

முதல் இருமல் அந்த மழைக்காலத்தில் வந்தது. ஒத்தைக்காது வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் போட்டது. தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கணவன் அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவினான். எலும்பு ஒன்றும் இல்லை. அது இன்னும் நாலு முறை இருமி, முதுகை வளைத்து, வெள்ளை நுரையைக் கூடத்துத் தரையில் கக்கியது. பெருசு நிதானமாக நடந்து வந்து அந்த நுரையை முகர்ந்தது. யாரும் தடுப்பதற்குள் நக்கியும் விட்டது.

மூக்குக்காரி எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பெருசு இருமியது. பிறகு அக்கா. அது ஓயும்போது தங்கை. கறுப்பி கடைசியாக. அது நின்றது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஒத்தைக்காது.

நாத்தனாரோடு கால்நடை மருத்துவரிடம் அவளும் போனாள். காத்திருக்கும் அறையில் நாய்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் நாயின் பீளையை விரலால் எடுத்து நாற்காலிக்கு அடியில் தடவினார். மூக்குக்காரி அதன் பிறகு உட்காரவே இல்லை.

மருத்துவர் அவசரப்படாத பெண்மணி. "இது நம்மளுக்கு வர்ற சளி மாதிரிதாங்க. ஊசி போட்டிருக்கீங்க, நல்லது. ஆனா ஊசி எல்லாத்தையும் தடுக்காது, கிருமி பல தினுசு இருக்கு. இருமுறதைத் தனியா வைங்க. தண்ணிக் கிண்ணம் ஆளுக்கு ஒண்ணு. கழுத்துல பட்டை வேண்டாம், நெஞ்சுக்குப் போடுற பட்டை வாங்குங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. இருமல் நின்னாலும் ரெண்டு வாரம் வேற நாய்ங்ககிட்ட விடாதீங்க. வெளியில நாய்களைத் தொட்டா கையக் கழுவி, துணி மாத்திட்டு இதுங்ககிட்ட வாங்க" என்றார்.

நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தெருவுக்கு வந்ததும், "பிரிச்சு வைக்கணுமாம்! இந்த அம்மாவுக்குப் பிள்ளைங்க இல்லையோ என்னமோ. ஒண்ணைவிட்டு ஒண்ணு தூங்குமா?" என்றாள்.

ஆக, ஐந்தும் ஒரே கட்டிலில் தூங்கின. நாத்தனார் நடுவில். ஐந்தும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் குடித்தன. அந்தத் தொட்டித் தண்ணீரின் மேல் ஆடை படிந்திருக்கும். பால் ஆடையைத் தினமும் பார்க்கிறவள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜன்னல் கண்ணாடியில் நாய்களின் மூக்கு உயரத்துக்கு ஒரு சளிக் கோடு காய்ந்து கிடந்தது. நாத்தனார் பெருசின் ஈர மூக்கில் முத்தம் கொடுத்துவிட்டு, அதே வாயால் ஊதி ஆற்றி, "இந்தாம்மா, டீ" என்று நீட்டுவாள்.

"எனக்கு வேண்டாங்கக்கா."

"ஏம்மா, நான் போட்டா பிடிக்காதா?"

கணவனிடம் முறையிட்டபோது, "சளிதானே, நமக்கு வர்றதில்லையா?" என்று சட்டைத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அவனைப் பார்க்கவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இது இப்படியே ஓடியிருக்கும். ஆனால் பண்ணையில் ஒருநாள் காலை, மேற்பார்வையாளர் அவளைக் கேன் வரிசையில் இருந்து ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க தோள்ல என்னது அது?"

வெள்ளைக் கோட்டின் தோள்பட்டையில் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு கோடு மினுங்கியது. அதில் நாலைந்து கறுப்பு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கோட்டை நாற்காலியில் போட்டிருந்தாள். கறுப்பி அதன்மேல் தும்மியிருக்கிறது. இத்தனை கூர்மையான மூக்கு இருந்தும், தன் தோளில் இருந்ததை அவள் முகரவில்லை. வீடு முழுக்க அதே வாடை என்பதால் மூக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது.

"இன்னிக்கு வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்கக்கா. மேல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இப்படிப் பால்கிட்ட நிக்க முடியாது, உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவளே அதைச் சொல்லி எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறாள். அவள் வாசலைத் தாண்டும்போது லாரிக்காரன் ஒருவன், "டேய், இன்னிக்கு மூக்குக்காரியவே திருப்பிட்டாங்கடா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை வாசலிலேயே கழற்றிப் போட்டாள்.

"ரெண்டுல ஒண்ணு. இனிமே இங்க நான் சொல்றபடி நடக்கணும், இல்ல நான் கிளம்பறேன்."

"எங்க போவ?" என்றான் கணவன்.

"எங்க அண்ணன் வீட்டுக்கு."

"அங்க உங்க அண்ணி மூணு பூனை வச்சிருக்காங்களே."

அது உண்மைதான். ஒரு பூனைக்குச் சொறி வேறு. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுக்கியை எடுத்தாள். அந்தப் பிளாஸ்டிக் தொட்டியை இடுக்கியால் பிடித்து, கை நீளத்துக்குத் தள்ளி, தெருமுனைக் குப்பைவரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து வீடு பண்ணை ஆனது. மோட்டார் கொட்டகையில் பாதியைக் காலி செய்து, இருமுகிற நாய்க்கு இடம் ஒதுக்கினாள். ஐந்து எவர்சில்வர் கிண்ணம். கணவன் கம்பிக்குச் சுற்றும் கலர் டேப்பை ஒவ்வொன்றிலும் ஒட்டி, இது இன்னாருடையது என்று அடையாளம் வைத்தாள். நல்ல நாய்களுக்கு முதலில் சோறு, இருமுகிறதற்குக் கடைசியில். அதற்கென்று தனி மேல்சட்டை, அதைக் கொட்டகை ஆணியிலேயே மாட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே வருவாள். நாத்தனாரின் கட்டில் விரிப்பைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டபோது எழுந்த ஆவியை முகர்ந்து இரண்டு தடவை ஓங்கரித்தாள். தரைவிரிப்பைச் சுருட்டியபோது அடியில் காய்ந்து கிடந்தவற்றைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எதுவானாலும் நாய் வழியாகத்தான் வரும்.

"கறுப்பி, உங்க அத்தைக்கு நம்மளைக் கண்டா வாந்தி வருதாம்டி."

"ஆமா, வருது. அதை நேராவே எங்கிட்ட சொல்லுங்க."

இருமல் குறைந்தது. ஒவ்வொன்றாக நின்றது. மழைக்காலம் போய் வெயிலும் வந்தது. கூடத்தில் நிம்மதியாக மூச்சு இழுக்க முடிகிறது என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில், பெருசு இருமியது. இந்த முறை வாத்துச் சத்தம் இல்லை. கொளகொளவென்று, சேறு கொதிப்பதுபோல ஒரு சத்தம்.

எங்கிருந்து வந்தது? வாசலைத் தாண்டி ஒரு நாயும் போகவில்லை, வரவில்லை. துவைக்கிற அன்று நாத்தனாரின் சால்வையை வாளியில் போடப்போனவள் நின்றாள். அதில் வேறு நாய்கள் இருந்தன. ஈரச் சாக்கு, பினாயில், சீழ் பிடித்த காது. ஐந்து நாயின் வாடையும் அவளுக்குத் தெரியும், இது அவற்றில் எதுவும் இல்லை.

"அக்கா, மத்தியானம் எங்க போறீங்க?"

"காய்கறி வாங்க."

"அக்கா."

நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சந்தைக்குப் பின்னால் ஒரு இடம் இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போகிற இடம். சிலர் திரும்பி வருவதே இல்லை. கூண்டுகளில் நெருக்கி வைத்திருப்பார்கள், பாதி நாய்கள் இருமும். நாத்தனார் தினமும் அங்கே போய் உட்கார்ந்து, கம்பிக்குள் கைவிட்டுத் தடவிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அதுங்களை யாரும் தொடறதில்லம்மா. தொட்டா அப்படியே கையில தலைய வச்சிக்குதுங்க."

"அந்தக் கையோட வந்து இதுங்க மூஞ்சியத் தடவினீங்களா?"

"கையக் கழுவினேன்."

"சால்வையக் கழுவினீங்களா?"

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். மூக்குக்காரிக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை நாள் கொதிக்க வைத்ததும் தேய்த்ததும் ஒரு சால்வையில் போனதே என்று வயிறு எரிந்தது. அவளை ஒரு பார்வை பார்த்தாள், திருப்பி அனுப்பும் கேனைப் பார்ப்பதுபோல.

பெருசுக்குச் சளி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். சப்பை முகம், வயதும் ஆகிவிட்டது, நாக்கு நீலம் பாரித்திருந்தது. ஆக்ஸிஜன் கூண்டில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார். தினமும் மருந்தை ஆவியாக்கி மூக்குக்கு மூடி வைத்துக் காட்ட வேண்டும். பிறகு உள்ளங்கையைக் குவித்து விலாவின் இரு பக்கமும் மெல்லத் தட்ட வேண்டும், சளி இளகி வெளியே வர.

நாத்தனாரால் முடியவில்லை. பெருசு தலையைத் திருப்பினாலே, "வலிக்குது போல" என்று மூடியை எடுத்துவிடுவாள். கணவன் தட்டியது பக்கத்து அறைவரை கேட்டது.

"மோட்டார் இல்லைங்க அது! தள்ளுங்க" என்றாள் மூக்குக்காரி.

பண்ணையின் பழைய பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டி, கையுறை போட்டு, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் அவள் தட்டத் தட்ட, பெருசு முன்னங்காலை ஊன்றி இருமி, மஞ்சளும் பச்சையுமாக ஒரு கட்டியை அவள் நெற்றியில் நேராகத் தும்மியது. வெயிலில் மறந்துபோன பால் கேனின் இனிப்பு நாற்றம். அவள் எழுந்து ஓடிச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தாள். முகத்தை மூன்று தடவை கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து மறு பக்கத்தைத் தட்டினாள்.

பாதியில் விட்டால் அந்தச் சளி உள்ளேயே கிடந்து இன்னும் நாறும் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. கேட்டவர்களிடம் அவள் சொன்ன காரணம் அதுதான்.

நாத்தனார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் சொன்னாள், "உனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்மா."

"பிடிக்காதுக்கா. இன்னும் பிடிக்கல. கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

பெருசு பிழைத்தது. இப்போதும் மூச்சு விட்டால் கதவு கிறீச்சிடுகிற சத்தம்தான். நாத்தனார் சந்தைப் பக்கத்து இடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி மூக்குக்காரி கேட்கவும் இல்லை. அங்கே போக ஒரு புடவை, ஒரு செருப்பு, இரண்டும் கொட்டகையைத் தாண்டி வராது. வந்ததும் வெளிக் குளியலறையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கூடத்தில் கால் வைக்கலாம். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே குளித்தாள். ஒருநாள்கூடத் தவறவில்லை.

அடுத்த மழைக்காலம் இருமல் இல்லாமல் போனது. அது முடிகிற சமயத்தில் நாத்தனார், உடையவர் திரும்பி வராத ஒரு செம்பட்டை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டாள்.

"ஏம்மா, கொட்டகை காலியாத்தானே இருக்கு?"

மூக்குக்காரி கதவோரம் நின்று காற்றை இழுத்தாள். முகம் சுளித்தது. "இருமுதா?"

"லேசா."

"பின்பக்கமா சுத்திக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் சொல்றவரைக்கும் உள்ள வரக் கூடாது."

கணவன்தான் கத்தினான், பக்கத்தில் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தால் கம்பிச் சுற்றை எப்படி எண்ணுவது என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செம்பட்டை தன் காலத்தைக் கொட்டகையில் இருமிக் கழித்தது. இருமல் நின்று, மருத்துவர் சரி என்ற பிறகு, ஆறாவது கிண்ணத்தோடு வீட்டுக்குள் வந்தது. மற்ற ஐந்தும் முகர்ந்து பார்த்தன. செம்பட்டை கூடத்தைச் சுற்றி வந்தது. காலையில்தான் துவைத்து மாட்டிய திரைச்சீலையில் முகத்தைப் புதைத்துச் சுகமாக ஒரு தும்மல் போட்டது.

"சீ!" என்றாள் மூக்குக்காரி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, திரைச்சீலையை வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். நாத்தனார் போய்த் துணி வேகவைக்க அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.