இம்பியின் மூக்கும் கெரோ ஏரியின் மீன்களும்

இம்பியின் மூக்கு அவள் ஆயுளில் மூன்று முறை உடைந்தது. முதல் முறை, கல்யாணத்துக்கு முன்பு. பனிக்கட்டிக்கு அடியிலிருந்து வலையை இழுக்கும் உருளையின் கைப்பிடி நழுவிச் சுழன்று முகத்தில் அடித்தது. இரண்டாம் முறை உடைத்தவன் புருஷன் ஆர்வி. குடித்துவிட்டுக் கை நீட்டினான். அவள் அடுப்படியில் கிடந்த பிர்ச் கட்டையை எடுத்து அவன் தோள்பட்டை எலும்பை முறித்துப் போட்டாள். அதன்பின் இருவரும் சண்டை சச்சரவில்லாமல்தான் குடும்பம் நடத்தினார்கள். மூன்றாம் முறை உடைத்தவன் கொழுந்தன் கௌக்கோ. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போரில் ஆர்வி செத்தான். பின்வாங்கிய ஜெர்மானியர்கள் வடகோடியில் கூசமோ பக்கத்து ஊர்களையெல்லாம் கொளுத்திவிட்டுப் போனார்கள். தெற்கே அகதியாகப் போயிருந்த இம்பி கோடையில் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. கரையோரம் நீராவிக் குளியலுக்கான சவுனாக் குடிசை எப்படியோ தப்பியிருந்தது. வேலி, களஞ்சியம், கிணற்று ஏற்றம் எல்லாம் கரி. ஏரிக்குத் தீ வைக்க அந்தப் படுபாவிகளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கெரோ ஏரி சின்ன ஏரி. இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் நாய் குரைக்கும். மேல்வீடு, கீழ்வீடு, முனைவீடு, ஓடைவீடு என்று நாலு வீட்டுக்கும் ஏரி பொது, வலையும் பொது. வலை என்றால் நாலு வீட்டுக்காரர்களும் இரண்டு படகில் போய் வளைத்து, கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கும் பெருவலை. அதில் விழுவது முயிக்கு. விரல் நீளத்தில் வெள்ளியாய் மின்னும் மீன். இலையுதிர்காலத்தில் பிடித்துப் பீப்பாயில் உப்பிட்டு வைத்தால் வசந்தம் வரை வயிற்றுக்குக் கவலையில்லை. பிடித்ததை மணலில் நாலு கூறாகக் கொட்டுவார்கள். வலைத்தலைவர் ஏரியைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்பார். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். தலைவர் திரும்பாமலே ஒரு வீட்டின் பேரைச் சொல்லுவார். சொன்னது சொன்னதுதான். ஆம்பளைகள் பாதிப்பேர் திரும்பி வராததால் தலைவர் வேலை மேல்வீட்டு இம்பியிடம் வந்து சேர்ந்தது.

கீழ்வீட்டுக் கௌக்கோ போரிலிருந்து முழு உடம்போடு வந்தவன். சிரித்த முகம், ஓயாத வாய். ஜெர்மானியர்கள் விட்டுப்போன வெடிப் பெட்டிகளைக் காட்டில் கண்டெடுத்து, குடிசைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தான். ஒருநாள் ஒன்றைப் பற்றவைத்து ஏரியின் ஒரு வளைவில் எறிந்தான். தண்ணீர் ஆளுயரம் எழும்பி விழுந்தது. வெள்ளை வயிறுகள் மிதந்தன. பட்டினி கிடந்த ஜனம் கைதட்டியது. அன்று இம்பியும் மீன் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாள். பசிக்கு நியாயம் ஏது?

மறுநாள் அவள் படகில் போய்த் தண்ணீருக்குள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி போன்ற தண்ணீர். மிதந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் காற்றுப்பை கிழிந்து அடியில் விழுந்து, தரை தெரியாமல் அழுகிக்கொண்டிருந்தது. நேரே கீழ்வீட்டுக்குப் போனாள்.

"டேய் கௌக்கோ, ஒண்ணு மிதந்தா ஒம்பது முங்குதுடா. இதோட நிறுத்திக்கோ."

"முங்கினதை ஹவுகி தின்னும் அண்ணி. அதுவும் நம்ம ஏரி மீன்தானே? தின்னு கொழுக்கட்டும், அப்புறம் அதையும் புடிப்போம்."

ஹவுகி என்பது கோரைப்பல் வைத்த பெருமீன், முயிக்கைத் தின்றே வளர்வது. கௌக்கோ அதைச் சொல்லிச் சிரித்தான். கோடை முழுக்க ஏரி அதிர்ந்தது. குஞ்சு, சினை என்று பார்க்காமல் எல்லாம் செத்தது. கடைசியில் பெருவலை இழுத்தபோது ஒரு தொப்பி அளவுக்குத்தான் மீன் வந்தது, அதுவும் முள் மீன். நாலு கூறு போடவே வெட்கமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இம்பி கடைசிவரை அதிகம் பேசியதில்லை. பைன் பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். கௌக்கோவின் மனைவி சைமிக்குப் பால் வற்றியது. பனி உருகும் முன்பே அவர்களுடைய கைக்குழந்தை போய்விட்டது. உறைந்த மண்ணில் குழி வெட்ட இம்பிதான் கடப்பாரை பிடித்தாள். கௌக்கோவின் சிரிப்பு அன்றோடு போனது.

அடுத்த இலையுதிர்காலம் வந்தது. சைமி மறுபடி மாசமாக இருந்தாள். ஏரி உறைவதற்குக் கொஞ்சம் முன்பு, மிச்சமிருந்த முயிக்கெல்லாம் தீவுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள கல்மேட்டில் முட்டையிடக் கூடின. எங்கெங்கோ ஒளிந்து தப்பியவை அத்தனையும் ஒரே இடத்தில். முனைவீட்டுக் கிழவர் ஹெர்மன்னி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்மா இம்பி, உன் கொழுந்தன் வெடிப்பெட்டியைப் படகுல ஏத்துறான். கல்மேட்டுக்குப் போறானாம்!"

இம்பி கோடரியோடுதான் போனாள். கௌக்கோ படகுக்குள் குனிந்திருந்தான்.

"எறங்குடா."

"வழி விடுங்க அண்ணி. இருக்கிறதே கொஞ்சம். நாம எடுக்கலேன்னா ஹவுகி எடுக்கும். ஒரே போடு, பீப்பா ரொம்பிடும். இந்தப் பிள்ளையாவது பொழைக்கணும்."

"முட்டையிட வந்ததைக் கொன்னா அடுத்த வருசம் எதைத் திம்ப? என் தலையையா?"

"அடுத்த வருசம் வரைக்கும் உசுரோட இருந்தாத்தானே அடுத்த வருசம்!"

அவன் சொன்னதிலும் பொய்யில்லை. அதுதான் இம்பிக்குப் பொறுக்கவில்லை. கோடரியை ஓங்கிப் படகின் அடிப்பலகையில் போட்டாள். இரண்டாவது வெட்டில் பலகை பிளந்து தண்ணீர் பீறிட்டது. மூன்றாவதற்கு ஓங்குமுன் கௌக்கோவின் முஷ்டி அவள் முகத்தில் இறங்கியது. மூக்கு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளை அவன் காலால் எத்தினான். அவள் அந்தக் காலைப் பிடித்துக் கடித்தாள், துணியோடு சதை பிய்ந்து வந்தது. இருவரும் கரைச்சேற்றில் நாய்களைப் போல் உருண்டார்கள். ஹெர்மன்னி "விடுங்க, விடுங்க" என்று கத்தினாரே தவிரக் கிட்டே வரவில்லை. கடைசியில் துடுப்பால் அவள் விலாவில் ஒன்று வைத்துவிட்டு, கௌக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழவரின் படகை நோக்கி நொண்டி ஓடினான்.

இம்பி எழுந்தாள். மூச்சு விட்டால் விலா குத்தியது. தன் படகைத் தள்ளி ஏறிக்கொண்டு குறுக்கு வழியில் துடுப்புப் போட்டாள். கல்மேட்டுக்கு அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். நங்கூரக் கல்லைக் கட்டி மேட்டின் ஓரத்தில் இறக்கிவிட்டு நடுப்படகில் உட்கார்ந்தாள். அடியில் முயிக்குகள் நிழல் நிழலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக அவற்றின்மேல் விழுந்தது.

கௌக்கோ வந்து சேர்ந்தான். வெடியை எடுத்தான்.

"வெலகுங்க அண்ணி!"

"மாட்டேன்."

"பத்தவச்சிடுவேன்!"

"வை. உங்க அண்ணன் கூட என்னைக் கொல்லலை. நீ கொல்லு."

அவன் பற்றவைத்தே விட்டான். பார்த்தால் பயந்து விலகுவாள் என்று கணக்குப் போட்டிருப்பான். அவள் அசையவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. திரி சீறியது. அவன் கையை ஓங்கினான், அப்படியே நின்றான். வாய் ஏதோ சொல்லக் கோணியது.

திரியின் நெருப்பு கைக்குள் நுழைந்தது.

கரையிலிருந்து பார்த்த கிழவர் சாகும்வரை, "அவன் எப்பவும் மந்தம், அதான் எறிய லேட்டாயிடுச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இம்பி அதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "அவன் என் பக்கமும் எறியலை, மீன் பக்கமும் எறியலை. கரைப்பக்கம் எறியத் திரும்பினான். நான் பாத்தேன்" என்பாள்.

காட்டில் கிடந்து ஈரமேறிய சரக்கு. முனை மட்டும்தான் வெடித்தது. அதற்கே வலது கை மணிக்கட்டோடு போயிற்று, அந்தப் பக்கத்துக் காதும் போயிற்று. வெடித்தது தண்ணீருக்கு மேலே. கீழே மீன்கள் சிதறி ஓடி, சற்று நேரத்தில் திரும்பி வந்து மேட்டில் கூடின. இம்பி அவன் படகுக்குத் தாவினாள். வலைக்கயிற்றால் அவன் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். இறுக்க இறுக்க அவன் அலறினான், இவள் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. "செத்தேன்னா தோலை உரிச்சிடுவேன்டா நாயே, கண்ணைத் தொற!" என்று கத்தியபடியே கரைவரைக்கும் துடுப்புப் போட்டாள். வழியெல்லாம் அழுதாள் என்று ஹெர்மன்னி சொன்னார். ரத்தத்தில் அது எப்படித் தெரிந்ததோ.

கௌக்கோ பிழைத்தான். அந்தக் குளிர்காலமும் பட்டை ரொட்டிதான். மிச்ச வெடிப் பெட்டிகளை இம்பி ராணுவத்தாரைக் கூப்பிட்டு ஒப்படைத்தாள். தனக்கிருந்த ஒரே ஆட்டை வெட்டி, பாதியைக் கீழ்வீட்டுப் படியில் போட்டுவிட்டு, கதவைத் தட்டாமல் வந்தாள். சைமிக்கு ஆண் பிள்ளை பிறந்தது, தங்கியது.

அதற்கடுத்த இலையுதிர்காலம் இம்பி பெருவலையைத் தொடவே விடவில்லை. "குஞ்சா இருக்கு, வளரட்டும்" என்று கோடரியோடு வலைக்குடிலின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வீடும் அவளைத் திட்டித் தீர்த்தது. இன்னும் ஒரு வருஷம் போனது. அப்புறம்தான் வலை இறங்கியது. கௌக்கோ கூப்பிடாமலே வந்து, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் இழுத்தான். கயிறு கழுத்தை அறுத்தும் விடவில்லை. வலையின் பை கரை தொட்டபோது மணல் முழுக்க வெள்ளி துள்ளியது. ஹெர்மன்னி தொப்பியைக் கழற்றினார்.

நாலு கூறு கொட்டினார்கள். இம்பி முதுகைத் திருப்பவில்லை.

"கௌக்கோ, நீ போய் நில்லு."

அவன் தயங்கி நடந்து, ஏரியைப் பார்த்து நின்றான். இம்பி ஒரு கூறைத் தொட்டாள்.

"இது யாருக்கு?"

"மேல்வீட்டுக்கு."

"இது?"

"முனைவீட்டுக்கு."

"இது?"

"ஓடைவீட்டுக்கு."

"இது?"

சைமி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு கூறு கெடக்குடா. பேரைச் சொல்லு."

"அதை ஏரியிலேயே போட்டுடுங்க அண்ணி. நான் எடுத்தது போதும்."

இம்பி குனிந்து ஒரு கை மீனை அள்ளி, அவன் பிடரியில் பட்டென்று அறைந்தாள்.

"செத்த மீனை வச்சுக்கிட்டு ஏரி என்னடா செய்யும்? ஏற்கெனவே நீ போட்டது பத்தாதா? வீட்டுல பசிக்கிற பிள்ளை இருக்கு. பேரைச் சொல்லுடா!"

செதில் கழுத்தில் வழிய அவன் நின்றான். பிறகு, யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில், "கீழ்வீட்டுக்கு" என்றான். சைமி வந்து மண்டியிட்டு, ஏப்ரனை விரித்து அள்ளத் தொடங்கினாள்.

"பங்கு முடிஞ்சுது. திரும்பு" என்றாள் இம்பி.

அவன் திரும்பவில்லை. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இம்பி கோணல் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஈர வலையின் ஒரு முனையை இழுத்து வந்து அவனுடைய இடது கையில் திணித்தாள்.

"அழறதா இருந்தா வலையை அலசிக்கிட்டே அழு" என்றாள்.