குதிரைக் கழுத்தில் நீலப்பூ

பொரி வறுக்கும் சட்டியில் கேட்பதுபோன்ற "பொட்" என்ற சத்தம், ஐம்பதுகளின் கடைசியில் கோடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பசுவந்தனைப் பக்கத்து எங்கள் ஊரில், மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டு முற்றத்தில் நின்ற மண்குதிரையின் கழுத்திலிருந்து கேட்டது. ஒரு சில்லு தெறித்து என் காலடியில் விழ, அடுத்து மார்பில் ஒன்று, மறுபடி கழுத்தில் ஒன்று என்று, அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்க நிற்கவே, சூளையிலிருந்து அழகாக வெந்து வந்த குதிரை அம்மைத் தழும்பு விழுந்த முகமாகிவிட்டது.

தப்பு அம்மாவுடையதுதான். காய்ச்சலில் கிடந்த தம்பி பிழைத்தால் அய்யனாருக்குக் குதிரை வைப்பதாக நேர்ந்துகொண்டவள், அவன் எழுந்து நடமாடியதும், குதிரையில் எங்கள் புஞ்சை மண்ணும் சேரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "கரிசலு ஆகாது தாயி. உள்ள சுண்ணாம்புக்கல்லு கெடக்கும், வெந்த பொறவு ஈரம் பட்டா வெடிச்சுத் தள்ளிரும்" என்று வேளார் குளத்து மண்ணைக் காட்டித் தலைபாடாக அடித்துக்கொண்டார். "எம்பிள்ள பொழச்சது இந்த மண்ணுலல்லா? ஒரு கூடையாவது சேரணும்" என்று அவளே சலித்துச் சுமந்து வந்து கொட்டினாள். குதிரையைக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் எடுப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது. மூளிக் குதிரையைச் சாமி ஏற்காது, நேர்த்தி தவறினால் தம்பிக்கு மறுபடி என்ன வருமோ என்று அன்று அவள் உலையே வைக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு வந்தவள் கடைத்தெரு ராவுத்தர் வீட்டுப் பாத்துமுத்து மாமி. கையில் ஒரு துணிமூட்டை. அவிழ்த்தால் பீங்கான் சில்லுகள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் "சகன்" தட்டு அது. நடுவில் சீனாக்காரன் வரைந்த நீலப்பூவும் ஓரத்தில் அரபு எழுத்துமாக, சண்டைக் காலத்தில் அவளுடைய வாப்பா ரங்கூனிலிருந்து காடும் மலையும் நடந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தது. அத்தனை தூரம் தப்பிப் பிழைத்த தட்டு, எங்கள் ஊர் வண்டிப்பாதையின் குலுக்கலில் உடைந்துபோனது! வாப்பா காலமான பிறகும் சில்லுகளைத் தூரப்போட அவளுக்கு மனசு வரவில்லை. எழுத்துள்ள துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே முடிந்துகொண்டு, பூவுள்ளதை மட்டும் அம்மா முன்னால் தள்ளினாள். "பள்ளத்துல பதிச்சுப் பாருங்க மைனி. ஆனா நாங்க சாப்பிட்ட தட்டு, அதையும் சொல்லிருதேன்."

அம்மா வேளாரைப் பார்த்தாள். கோயில் பூசையும் அவர்தான். அவர் ஒரு சில்லைச் சுண்டிப் பார்த்தார். "இதுவும் தீயில வெந்த மண்ணுதான தாயி. எச்சில் என்ன எச்சில்!"

கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்தில் சில்லுகளைப் பதித்தார். கெடுத்த சுண்ணாம்பே ஒட்டவும் செய்தது. மூன்றாம் நாள் கழுத்திலும் மார்பிலும் நீலப்பூ மின்ன, கொட்டுமேளத்தோடு குதிரை போனபோது அம்மா வாய்விட்டு அழுதாள். மாமி கோயில் எல்லைக்கு வெளியே நின்று பார்த்தாள். அதன் பிறகும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். குதிரையைப் பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். வாப்பாவை நினைத்து நின்றிருக்கிறாள் என்பது, என் அப்பா போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது அங்கே பெயின்ட் அடித்த சிமென்ட் குதிரை நிற்கிறது. மாமி குடும்பம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை; தம்பி பேரன் பேத்தி எடுத்துவிட்டான். போன ஐப்பசியில் அவனோடு கோயிலுக்குப் போயிருந்தபோது, மழை அரித்த கரிசலில் பீங்கான் சில்லொன்றின் நீல இதழ் தெரிந்தது. முந்தானையில் முடிந்துகொள்ளக் கை பரபரத்தது. கொடுத்ததை மாமி ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லை. எடுத்து, வேளார் செய்ததுபோல ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன்.