தொண்ணூறைத் தாண்டினால் மிதக்கும் மோட்டார்

இரண்டு வாரமாக என் மோட்டார் சைக்கிள் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே முன்பக்கம் பிடிமானமில்லாமல் மிதக்கிறது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் வழியில், பக்கத்தில் லோரி வரும்போது அப்படி மிதந்தால் உயிரே போய்விடும் போலிருக்கிறது.

இன்று மூன்றாவது முறையாக அதே மோட்டார் கடைக்குப் போனேன்.

"டயர்ல காத்து சரியாத்தான் இருக்குக்கா. நீங்க பயந்து ஹேண்டலை இறுக்கிப் பிடிக்கிறீங்க, அதான் ஆடுது லா," என்றார் மெக்கானிக்.

நான் பன்னிரண்டு வருடமாக மோட்டார் ஓட்டுகிறேன்.

அவர் கடையைச் சுற்றி மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "ஓகேதானே?" என்றார்.

"முப்பதுல ஓட்டினா ஓகேதான் பாஸ். ஹைவேயில போயி ஓட்டிப் பாருங்க," என்றேன். அவர் நீட்டிய சாவியை நான் வாங்கவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே போனவரின் முகம், திரும்பி வந்தபோது வெளுத்திருந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டலை மெல்லத் திருப்பினார். நடுவுக்கு வந்ததும் அது டக்கென்று சிக்கி நின்றது.

"ஸ்டியரிங் பேரிங் தேஞ்சு போச்சு. உடனே மாத்தணும் அண்ணே, இதோட ஓட்டினா ஆபத்து."

அண்ணே என்றது, என்னை அழைத்துப்போக அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய என் கணவரை.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்கு மோட்டாரே ஓட்டத் தெரியாது," என்றார் அவர்.

மெக்கானிக் தலையாட்டினார். வேலை முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி, என் கணவருடைய நம்பரையே வாங்கிக்கொண்டார்.

பெண்களிடம் நேராகப் பேசும் மெக்கானிக் கிள்ளான் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் கணவரும் கேட்கிறார்.