கட்டை எடுத்த வெள்ளிக்கிழமை

என் மாமியார் குனிந்து, ரயில் எஞ்சினின் முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவர் பெற்ற ஒரே பிள்ளை, என் வீட்டுக்காரர், அதே நேரத்தில் அந்த எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய இரண்டு கால்களும் மறுபக்கத்துத் தண்டவாளத்துக்கு மேலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாமியாருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது.

எங்கள் குடும்பத்துக்கு ரயில் எஞ்சின் வியாபாரம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவே நம்பவில்லை. "பழைய பம்புசெட்டு எஞ்சின் வாங்கி விக்கறவங்களா இருக்கும், சும்மா பெருமைக்கு ரயிலுன்றாங்க" என்றார். நிஜமாகவே ரயில்தான். மூடிப்போன ஆலைகளுக்குள் சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்த பழைய டீசல் எஞ்சின்கள் ஏலத்துக்கு வரும். அவற்றை வாங்கிப் பழுது பார்த்து, இன்னமும் ஓடுகிற ஆலைகளுக்கு விற்பது. மாமனார் போன பிறகு இந்தத் தொழிலை விட்டுவிடுவார்கள் என்று திருவண்ணாமலையே பேசிக்கொண்டதாம். அத்தை பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏலத்துக்குப் போய் நின்றுவிட்டார். வீட்டில் அவரோடு எனக்குச் சாம்பாரில் உப்பு முதல் சாமி அறை விளக்கு வரை எல்லாவற்றுக்கும் முட்டல்தான். ஆனால் எஞ்சின் பக்கத்தில் அவர் நிற்கும்போது மட்டும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவர் முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் பேச்சே கிடையாது, திரும்பிப் போய்விடுவார். கிளம்பாத எஞ்சினை முன்கூட்டியே அரைமணி நேரம் மல்லுக்கட்டிக் கிளப்பிச் சூடேற்றி வைத்து, வந்தவர் எதிரில் ஒரே தட்டில் ஓட வைத்துக் காட்டுவது ஊரறிந்த ஏமாற்று. அத்தையும் வாங்கப் போகும் இடத்தில், காய்ச்சல் குழந்தையைத் தொடுகிற மாதிரி கன்னத்தையே வைத்துப் பார்ப்பார். அதனால் விற்கிற அன்று எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் காற்று ஏறும். காற்று ஏறினால்தான் பிரேக் பிடிக்கும். ஓடாத எஞ்சினைப் பிடித்து வைத்திருப்பது சக்கரத்துக்கு அடியில் செருகிய மரக்கட்டைகள் மட்டும்தான். கைபிரேக் என்று ஒன்று இருந்தது, பேருக்கு.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஓர் ஆலையில், லேசாகச் சரிந்திருந்த தண்டவாளத்தில் எஞ்சினை நிறுத்தியிருந்தோம். வாங்க வந்தது அரியலூர் பக்கத்து ஆலை ஒன்றின் மேனேஜர். ஒன்பதுக்கு வருகிறேன் என்றவர், செங்கம் ரோட்டில் நெரிசலில் மாட்டிக்கொண்டு பத்தேகாலுக்குத்தான் வந்து இறங்கினார். பத்தரைக்கு ராகு காலம். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. எப்போதும் எஞ்சினைக் கிளப்பி, காற்று ஏறின பிறகுதான் கட்டையை எடுத்து எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவார்கள். அன்றைக்கு அவசரம் முறையையே தலைகீழாக்கிவிட்டது. "பூசைய முதல்ல முடிச்சுடலாம். நல்ல நேரத்துல பழம் வச்சுட்டா போதும், அப்புறமா ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்றார். மேனேஜரும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கும் ராகு காலம் ராகு காலம்தானே!

பழம் சக்கரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த இடத்தில் கட்டை இருந்தது. ஆட்கள் கட்டைகளை எடுத்தார்கள். எஞ்சின் அசையவில்லை. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குச் சற்று முன்னால்தான் அத்தை மகனைக் கூப்பிட்டு, "டேய், கீழ ஒரு சொட்டு எண்ணெ கண்ணுல படக்கூடாது, துடைச்சுட்டு வந்துடு" என்று சொல்லியிருந்தார். மகன் துடைத்து முடித்து எழுந்து போயிருப்பார் என்று அத்தை நினைத்துக்கொண்டார். இவரோ இன்னொரு ஒழுகலைக் கண்டுபிடித்து அதை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குக் கையில் ஸ்பேனர் கிடைத்தால் உலகம் மறந்துவிடும். நான் மறுபக்கம் டீ பிளாஸ்கோடு அவர் காலடியில் நின்று, "போதும் வாங்க, கூப்பிடறாங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் கற்பூரம் ஏற்றினார்கள். மணி அடித்தார்கள். அப்போது என் கண்ணெதிரே சக்கரம் நகர்ந்தது.

சத்தமே இல்லை. அத்தனை பெரிய இரும்பு, மாடு ஒன்று எழுந்து நடக்கிற மாதிரி மெதுவாக வந்தது. அந்தப் பக்கம் பழம் நசுங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினார்கள்! பழம் நசுங்கட்டும் என்று யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. பின்சக்கரத்துக்கும் இவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குனிந்து காலைப் பிடித்தேன். வெளியே இழுத்தால் இடுப்பு தண்டவாளத்துக்கு மேல் வரும். உள்ளே தள்ளவும் முடியவில்லை. இவர் காலை உதறி, "விடுடி, இதோ முடிஞ்சுது" என்றார்.

"அத்தை! அவரு அடியில இருக்காரு!"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. கைதட்டல் நின்றது. ஆட்கள் அப்படியே மலைத்துப்போய் நின்றார்கள், மேனேஜர் பின்னால் நகர்ந்தார். அத்தை மட்டும் நகரவில்லை. கீழே கிடந்த கட்டையை இரண்டு கையாலும் தூக்கி, உருண்டு வருகிற முன்சக்கரத்துக்கு எதிரே மண்டியிட்டு, தண்டவாளத்தோடு சேர்த்துத் திணித்தார். எறிந்திருந்தால் புரண்டு போயிருக்கும். அதனால் கடைசி வரை கையை எடுக்கவில்லை. கட்டை கிறீச்சிட்டது. எஞ்சின் ஒரு தரம் முனகி முன்னால் உந்தி, பின்னால் சாய்ந்து நின்றது. பின்சக்கரம் இவருடைய பேன்ட்டை மட்டும் கவ்விப் பிடித்திருந்தது.

"யாருப்பா எஞ்சின ஆட்டினது?" என்று அடியிலிருந்து கேட்டார் இவர். சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்.

பேன்ட்டைக் கிழித்து அவரை வெளியே எடுத்தோம். அத்தை இந்தப் பக்கம் சுற்றி வந்தார். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டி வைத்திருந்தார், தலைப்பு சிவந்துகொண்டே வந்தது. இடது கையால் மகனை ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் கால்களை முழங்காலிலிருந்து பாதம் வரை தடவிப் பார்த்தார். விரல்களைக்கூட ஒவ்வொன்றாக நீவினார். அதன் பிறகுதான் மயங்கிச் சாய்ந்தார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. "உங்க ராகு காலத்துல மண்ணு விழ! என் தாலி தப்பிச்சதே பெரிய விஷயம்!" என்று அழுதுகொண்டே கத்தினேன். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை திருப்புகிறவர், அன்றைக்கு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "திட்டும்மா, நல்லா திட்டு" என்றார். நான் அந்தத் தலைப்பை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போய்விட்டன.

அந்த எஞ்சினைப் பிறகு அதே மேனேஜர் வாங்கிக்கொண்டு போனார். அத்தை அதற்குப் பிறகும் தொழிலை விடவில்லை. விடுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது அவருக்கு நடை தளர்ந்துவிட்டது. கணக்கு வழக்கு, ஏலம் எல்லாம் என் தலையில். விற்கிற அன்று மட்டும் காரில் வந்து, எஞ்சினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். போன மாதம் வாங்க வந்த ஒருவர் ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தோடு வந்து, "அம்மா, நேரம் தாண்டுதுங்க, கட்டைய எடுக்கச் சொல்லுங்க" என்று பறந்தார். அத்தை அசையவில்லை. "மீட்டர்ல காத்து முள்ளு மேல ஏறட்டும் சார். அதான் நல்ல நேரம்" என்றார்.

எஞ்சின் ஓடி, முள் ஏறி, நான் சரி என்று கை காட்டிய பிறகும் கட்டையை எடுக்க உத்தரவு வரவில்லை. ஏன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியாயிற்று, தலை நரைத்தாயிற்று. பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மாவின் எதிரே வந்து நின்று, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். அத்தை கண்ணைச் சுருக்கி அந்த இரண்டு கால்களையும் பார்த்தார். போதுமான அளவு பார்த்த பிறகு, "ம், எடு" என்றார்.